எட்டுகிற சுருதி

கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாடச் சொன்னால் வந்துவிடும். அதனால்தான் இளவயதில் கலைக்குழு ஒன்றில் சேர்ந்தேன். தப்பு அடிக்கப் பழகியதும் அங்கேதான். எந்த ஊருக்குப் போனாலும் இன்குலாபின் 'மனுசங்கடா'வைப் பாடாமல் எங்களை விடமாட்டார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட சேரி அது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் வாசகம் யாருக்கு மனப்பாடம்? அந்தக் கோபத்தில் பிறந்த 'மனுசங்கடா' பாட்டோ, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மனப்பாடம். இன்குலாப் கீழக்கரைக்காரர், சென்னை புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். ஆனால் பாட்டை வயலில் பேசுகிற தமிழில் எழுதினார். சிவகங்கைப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் அதை ஊர் ஊராகப் பாடிக் கொண்டுசேர்த்தார். சாதி தன்மேல் போட்ட தழும்புகளை 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதியவர். அவர் குரலில் கெஞ்சலே இருக்காது. இருவரும் 2016-இல் இறந்துபோனார்கள். பாட்டு இன்னும் தெருவில் இருக்கிறது.

அது ஏன் நிற்கிறது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் துப்புரவுத் தொழிலாளி ஒருவர். சம்பள பாக்கி கேட்டு அவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் உச்சத்தில் எடுத்தேன். கைதட்டல் பலமாக வந்தது, குரல் ஒன்றும் வரவில்லை. முன்வரிசையிலிருந்த அந்த அம்மா, "தம்பி, எங்களுக்கு எட்டுற மாதிரி எடுப்பா" என்றார். இறக்கி எடுத்தேன். விடியற்காலையிலிருந்து குப்பை வண்டி தள்ளி, புழுதி தின்ற தொண்டைகள் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டன. 'நாங்க' என்று தனியாகச் சொல்லக் கூசுகிற ஒருவர், நூறு பேர் சொல்லும்போது சொல்லிப்பார்க்கிறார். தன் குரலைத் தானே கேட்கிறார். மறுநாள் பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரியிடம் முதலில் வாய்திறந்தது அந்த அம்மாதான். "மூணு மாசச் சம்பளம் எங்கங்கய்யா?"

பாக்கியை வாங்கிக்கொடுத்தது பாட்டு என்று நான் சொல்லமாட்டேன். வேலைநிறுத்தம் வாங்கிக்கொடுத்தது, சங்கம் வாங்கிக்கொடுத்தது. ஆனால் சாயங்காலமானால் ஆள் கரைந்துபோகிற அந்தப் பந்தலில், இருட்டிய பிறகும் அவர்களை உட்காரவைத்தது பாட்டு. பேச்சாளர் களைத்தால் கூட்டம் கலையும். பாட்டுக்காரன் களைத்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

இப்போது குழுவுக்கு வருகிற பிள்ளைகளை உடனே மைக் பிடிக்க நான் விடுவதில்லை. முதலில் கடைசி வரிசையில் போய் உட்காரச் சொல்கிறேன். அங்கே பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, அந்தக் குரல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து பல்லவியை எடுக்கச் சொல்கிறேன்.