தொலைபேசியில் ஒரு வரிக்கணக்கு

பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிப்போகும். ஊதியப் பட்டியல்களும் காப்பீட்டு ரசீதுகளும் மேசையெங்கும் பரவிக் கிடக்கும். கணக்குப் பாடம் நடத்துபவரே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். வருமான வரிப் படிவத்திற்கு அப்படியோர் ஆற்றல் உண்டு.

1998ஆம் ஆண்டு அத்தகைய ஒரு பிப்ரவரி இறுதியில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பணியாற்றிய என் கல்லூரித் தோழரிடமிருந்து மடல் வந்தது. தம் வரிக்கணக்கைத் தொலைபேசியிலேயே முடித்துவிட்டதாகவும், அதற்குப் பத்து நிமிடமே ஆனதாகவும் எழுதியிருந்தார். ஆசிரியர் அறையில் அதைப் படித்துக் காட்டியபோது எவரும் நம்பவில்லை.

அச்சேவையின் பெயர் டெலிஃபைல். அமெரிக்க உள்நாட்டு வருவாய்ப் பணியகம் 1992இல் ஒகையோவில்தான் அதைச் சோதனை முறையில் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் விரிவாக்கியது. எளிய கணக்குடையோர்க்கென அங்கே 1040ஈஇசட் என்னும் ஒற்றைப்பக்கப் படிவம் இருந்தது. அதை நிரப்புவோர் பெரும்பாலும் இளைஞர், பிள்ளைகள் இல்லாதவர், ஊதியமும் சிறிது வட்டியுமே வருவாயாக உடையவர். ஒரே பக்கம்தான் என்றாலும், அதை அவர் நிரப்பி, கூட்டிக் கழித்து, அஞ்சலில் சேர்த்தாக வேண்டும். அலுவலகத்தில் வேறொருவர் அதே எண்களைக் கணினியில் மீண்டும் பதிந்தாக வேண்டும். ஒரு கணக்குக்கு இருமுறை உழைப்பு. பிழைக்கும் இருமுறை வாய்ப்பு.

டெலிஃபைல் அந்த இரண்டாம் வேலையை இல்லாமல் ஆக்கியது. தகுதியுடையோர்க்குச் சிறு கையேடும் மறைவெண்ணும் அஞ்சலில் வந்தன. கட்டணமில்லா எண்ணை அழைத்தால், பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று வினவும். ஊதியம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பவற்றுக்கு விசைகளை அழுத்தி விடையளிக்க வேண்டும். வரியைக் கணிப்பது எந்திரத்தின் பொறுப்பு. திரும்பக் கிடைக்கும் தொகையோ செலுத்த வேண்டிய தொகையோ அப்போதே காதில் விழும். மறைவெண்ணே கையொப்பமாக நின்றது. இறுதியில் சொல்லப்படும் உறுதிப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது; காகிதம் எதையும் அனுப்ப வேண்டியதில்லை.

இதன் அடிப்படை, விசைத்தொலைபேசியின் ஒலிதான். 1963இல் அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அக்கருவியில், ஒவ்வோர் எண்ணும் இரண்டு ஒலிகளின் கூட்டு. ஐந்தை அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ் ஒலியும் 1336 ஹெர்ட்ஸ் ஒலியும் ஒருங்கே எழும். மனிதக் குரல் தற்செயலாக அந்த இணையை எழுப்புவது அரிது. எனவே கணினி அதை ஐயமின்றி அறிந்துகொள்ளும். எண்வட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசி வைத்திருந்தவர்க்கு இவ்வழி அடைபட்டே இருந்தது. வீட்டில் கணினி இல்லாத கோடிக்கணக்கானோர்க்கோ, தம் இருக்கையிலிருந்தே ஓர் அரசுக் கணினியோடு உரையாட முடிந்தது. எனக்கு வியப்பளிப்பது கருவியன்று. குடிமகனிடம் அவனுக்குத் தெரிந்ததை மட்டுமே கேட்ட அந்தப் பண்பு.

1998இல் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் இவ்வழியில் கணக்களித்தனர். அதன்பின் இறங்குமுகம். இணையம் வீடுகளுக்குள் நுழைந்தது. வரி மென்பொருள்கள் பெருகின. 2003இல் மென்பொருள் நிறுவனங்களோடு இணைந்து இலவச இணையவழித் திட்டம் ஒன்றும் வந்தது. திருமணமாகிப் பிள்ளைகளோ, வேறு வரிச்சலுகைகளோ வந்தவர் எளிய படிவத்தின் எல்லையைக் கடந்தார். என் தோழரும் அவ்வாறே கடந்துபோனார். 2004இல் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 38 இலட்சமாகக் குறைந்தனர். அழைப்புகள் குறையக் குறைய, ஒரு கணக்குக்கு ஆகும் செலவு ஏறியது. 2005 ஆகஸ்டில் சேவை நிறுத்தப்பட்டது.

நிருவாகக் கணக்கில் இம்முடிவு பிழையென்று சொல்வதற்கில்லை. ஆனால், 38 இலட்சம் என்பது ஒரு நாட்டின் மக்கள்தொகைக்கு நிகரான எண். புதிய வாயில் திறந்துவிட்டதால் அவர்கள் அனைவரும் அதன்வழியே செல்வர் என்பதே எதிர்பார்ப்பு. பலர் செல்லவில்லை. கணினி இல்லாதவர், இணையத்தில் தம் வருவாயை எழுத அஞ்சியவர், மென்பொருளுக்குப் பணம் கொடுக்க விரும்பாதவர் எனப் பலதரப்பட்டோர் மீண்டும் காகிதத்தையும் அஞ்சல்தலையையும் எடுத்தனர். எந்த இரட்டை வேலையைத் தவிர்க்க அச்சேவை தோன்றியதோ, அவ்வேலை அலுவலகத்திற்கே திரும்பி வந்தது. அந்த ஒற்றைப்பக்கப் படிவமும் 2018ஆம் வரியாண்டிலிருந்து வழக்கொழிந்தது.

அண்டை நாடான கனடாவும் தொலைபேசி வழிக் கணக்களிப்பை நடத்திப் பின்னர் நிறுத்தியது. எனினும் 2018இல், குறைந்த வருவாயும் மாறாத வருவாயும் உடையோருள் சிலரைத் தெரிந்தெடுத்து, அதன் வருவாய் முகமை மடல்கள் அனுப்பியது. கட்டணமில்லா எண் ஒன்றை அழைத்துச் சில எளிய வினாக்களுக்கு விடையளித்தால், வரிக்கணக்கு ஏற்கப்படும் என்று அம்மடல் கூறியது.