காணாதவற்றை நீக்கட்டுமா?

அம்மி கொத்துகிறவன் ஒரு காலத்தில் தெருவோடு குரல் கொடுத்துக்கொண்டு போவான். அம்மி தேய்ந்திருந்தால் கூப்பிடுவோம். இல்லாவிட்டால் அவன் பாட்டுக்குப் போய்விடுவான். நாம் தூங்கும்போது சுவரேறிக் குதித்து, அம்மியைக் கொத்திவிட்டு, "உங்கள் அம்மி புதுப்பிக்கப்பட்டது" என்று எழுதி வைத்துவிட்டுப் போனதாகச் சரித்திரமில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிற படமும் பாட்டும் காட்டும் பெட்டி அந்த ரகம் அல்ல. ராத்திரியில் தானே புதுப்பித்துக் கொள்கிறது. காலையில் ரிமோட்டை எடுத்தால் திரையின் நிறம் வேறு. பட்டியல் இருந்த இடம் வேறு. சில நாட்களில் பட்டியலே காலி. நேற்று ராத்திரி பத்து மணி வரை பாடிய பெட்டி இன்று, "இங்கே ஒன்றுமில்லை" என்கிறது. இந்த அவஸ்தையை நீங்களும் பட்டிருப்பீர்கள். அப்போது மனசு முதலில் நினைப்பது, "எல்லாம் போயிற்று" என்பதுதான். பெரும்பாலும் அந்த நினைப்பு தப்பு. அந்த நினைப்பில் அவசரப்பட்டுச் செய்கிற காரியந்தான் கடைசியில் எல்லாவற்றையும் போக்கடிக்கிறது.

வாலாஜாபாத்துக்கு அருகே தென்னேரி என்று ஓர் ஊர். திரையன் வெட்டிய ஏரி, திரையனேரி, அதுவே மருவித் தென்னேரி ஆயிற்று என்பார்கள். ஏரியும் பெரிது, பேரும் பழசு. என் தாய்மாமா அங்கே பட்டு நெய்கிறவர். எழுபதைத் தாண்டியும் தறிக்குழியில் இறங்குவதை விடவில்லை. அத்தை காலமாகி நாலு வருஷமாகிறது. அத்தைக்கு நல்ல குரல். கச்சேரிக்குரல் அல்ல, இழை சுற்றிக்கொண்டே பாடுகிற குரல். இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் மூத்த பிள்ளை ஒரு டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு, அத்தைக்குத் தெரிந்தும் தெரியாமலும் பதிந்து வைத்தவை 63 பாட்டுகள். பேத்தி அவற்றைக் கணினியில் ஏற்றினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன தலைப்புப் போடுவது என்று தாத்தாவைக் கேட்டாள். பாட்டின் பெயர் அவருக்குத் தெரியாது, நாள்தான் தெரியும். "கிணறு தூர் வாரின அன்னிக்குப் பாடினது", "தீபாவளிச் சேலை அறுத்துக் கொடுத்த மறுநாள்", "உங்கப்பனுக்கு ஜுரம் விட்ட ராத்திரி" என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் பெட்டியின் பட்டியலில் அப்படியே தட்டி வைத்தாள்.

நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியல் காலியாக இருந்தது. எந்தப் பெட்டி, எந்த நிரல் என்று பெயர் எதற்கு? எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். பேத்தி எங்கெங்கோ அழுத்திப் பார்த்தாள். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: "காணாத கோப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கட்டுமா?"

"நீக்கிட்டு மறுபடி சேர்த்தா வந்துடும் தாத்தா" என்றாள் அவள். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.

"இரும்மா. காணோம்னா இல்லேன்னு அர்த்தமா?" என்றார் மாமா.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பழுது பார்க்கிற வித்தை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் பாட்டுகள் வந்திருக்கும். கிணறு தூர் வாரிய நாள் வந்திராது. அந்தத் தலைப்புகள் பாட்டுக்குள் இல்லை, பெட்டி தனக்கென்று வைத்திருந்த பதிவேட்டில் அல்லவா இருந்தன!

பிறகு மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தறியிலே பூ விழலேன்னா நாங்க மூணு இடம் பார்ப்போம் மாப்பிளே. அட்டை சரியா இருக்கா, பெட்டி தூக்குதா, பெட்டியிலேருந்து பாவுக்கு இறங்குற கயிறு சரியா இருக்கா. மூணையும் பார்க்காம தறியைப் பிரிக்கிறவன் நெசவாளி இல்லே."

ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1804-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சிலே ஜக்கார்டு என்பவர் அமைத்த யந்திரம் அது. துளையிட்ட அட்டை, எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்கிறது. பெட்டி அதைப் படித்துக் கயிற்றைத் தூக்குகிறது. அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் பாபேஜ், கணக்குப் போடும் யந்திரத்துக்கும் அப்படியே அட்டை வைக்கத் திட்டம் போட்டார். ஆகவே கணினிக்கு நெசவாளி வைத்தியம் சொல்வது அப்படியொன்றும் முறை தப்பிய காரியமல்ல.

பேத்தி மாடி அறைக்குப் போனாள். பாட்டுகள் இருந்தது அங்கே உள்ள பழைய கணினியில். அங்கேயே ஒன்றைத் தட்டினாள். மாடிப்படி வழியாக அத்தையின் குரல் இறங்கி வந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. அட்டை சரி. பிறகு ஒரு பென்டிரைவில் ஏதோ சினிமாப் பாட்டை ஏற்றிக் கீழே பெட்டியில் செருகினாள், பாடியது. பெட்டியும் சரி. ஆக, பழுது நடுவில் இருக்கிற கயிற்றில்.

அந்தக் கயிறு என்ன? கணினியிலுள்ள கோப்பை இன்னொரு பெட்டி வீட்டுக்குள்ளேயே எட்டிப் படிக்க இரண்டும் ஒரு பாஷை பேச வேண்டும். எஸ்.எம்.பி. என்பது அந்தப் பாஷை, 1980-களில் பிறந்தது. அதன் முதல் வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நாசகார நிரல் அதன் வழியாகப் புகுந்து சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவினால் அந்தப் பழைய பாஷை கூடவே வராது என்று ஆக்கினார்கள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதைக் கைவிட்டார்கள். மாமா வீட்டுப் பெட்டியும் ராத்திரியில் அதைத்தான் செய்திருந்தது. மாடிக் கணினிக்கோ பழைய பாஷை ஒன்றுதான் தெரியும். அது "இதோ இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும். கேட்பவருக்குப் பாஷை மறந்துவிட்டது.

புதுப்பித்தல் என்றாலே கோபப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் நல்ல காரணம். பலரும் வீட்டில் வைத்திருக்கும் கோடி என்ற நிரலின் 19-ஆவது பதிப்பு 2021-இல் வந்தபோது பைதான் 2-ஐ விட்டுப் பைதான் 3-க்கு மாறியது. பழைய பைதானுக்கு ஆதரவு 2020 ஜனவரி முதல் தேதியோடு நின்றுபோயிருந்தது, வேறு வழியில்லை. ஆனால் பழையதில் எழுதிய துணை நிரல்கள், யாராவது திருத்தி எழுதும்வரை வாயைத் திறக்கவில்லை. 240 ஊக்குப் பெட்டிக்குக் குத்திய அட்டையை 120 ஊக்குப் பெட்டியில் மாட்டினால் பூ விழுமா? அட்டையும் குற்றவாளியல்ல, பெட்டியும் குற்றவாளியல்ல.

பேத்தி செய்த பரிகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலில் பெட்டியின் பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். அமைப்புகளில் பழைய பாஷையை அன்று மாலைக்கு மட்டும் அனுமதித்தாள். 63 பாட்டும் தலைப்போடு வந்து நின்றன. உடனே ஒவ்வொரு தலைப்பையும் அந்தந்தப் பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்பாக எழுதி வைக்கும்படி பெட்டிக்கு உத்தரவிட்டாள். பாட்டையும் குறிப்பையும் சேர்த்து ஒரு புதிய வட்டில் ஏற்றி, அதைப் பெட்டியிலேயே நேராகச் செருகினாள். பிறகு பழைய பாஷையை மறுபடி அடைத்துவிட்டாள். ஓட்டைக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் படுக்கக்கூடாது அல்லவா?

"அட்டைக் கட்டு மேலேயே பூ பேரை எழுதி வைப்போம், நோட்டிலே மட்டும் எழுதினா நோட்டு போனா பேரும் போச்சு" என்றார் மாமா, இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்பது போல.

நம்மில் அநேகர் வீட்டில் இப்படி ஒரு குரல், ஒரு கல்யாணப் படம், பேசக் கற்றுக்கொண்ட குழந்தையின் மழலை ஏதாவது ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அது யாருடையது, எந்த நாளில் எடுத்தது என்ற விவரம் பெட்டியின் வயிற்றுக்குள் மட்டும் இருக்குமானால், இன்று சாயங்காலம் அதை வெளியே எடுத்து அந்தப் பொருளின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பெட்டிகள் மாறிக்கொண்டுதான் இருக்கும். காணாதவற்றை நீக்கட்டுமா என்று அவை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். எதற்கும் முதல் தடவை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.