தாயத்துக்கு ரூல் போட்டது யாருங்க?

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். சேலம், நாமக்கல் பக்கம் திண்ணையில் கோடு கிழித்து ஆடுபவர்களிடம் இதில் சண்டை இல்லை. ‘ஒரு வெட்டுகூட இல்லாமல் பழத்துக்குப் போகலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள்... வீட்டுக்கு வீடு ரூல் மாறும். கம்பெனி அச்சடித்த விதிப் புத்தகமா இருக்கிறது? பெரியம்மா சொல்வதுதான் சட்டம்!

கம்பெனி புத்தகம் இருந்தாலும் பஞ்சாயத்து ஓயாது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, 1974-ல் வந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரராகவோ மந்திரவாதியாகவோ மாறிப் பகடை உருட்டுவார்கள். வெளியாள் எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு மந்திரம் கொண்டுவந்தால், ‘செல்லாது, ஒரிஜினல் மட்டும்தான்’ என்பார்கள் சிலர். ஒரே மந்திரம் ஆட்டத்தைக் கவிழ்த்துவிடும் என்ற பயம். நியாயம்தான். ஆனால், ஒரிஜினலுக்கே பின்னால் திருத்தங்கள் வந்திருக்கின்றனவே!

வெளியாட்களுக்கோ இது பிழைப்பு. விதிகளை வைத்து யாரும் புத்தகம் போடலாம் என்று 2000-ல் லைசென்ஸ் தந்தது, உரிமையாளரான ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’. அதை நம்பிச் சின்னச் சின்ன பதிப்பகங்கள் முளைத்தன. 2023 ஜனவரியில் புது ஒப்பந்தத்தின் வரைவு கசிந்தது. ஆண்டு வருமானம் 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி! ரசிகர்கள் கொதித்துப்போய் சந்தாவை ரத்து செய்தார்கள். கம்பெனி இறங்கிவந்தது. அதே மாதம் 27-ம் தேதி, அடிப்படை விதிகளை ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்த உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது.