ஜீப்பின் முனகலும் சாரதியின் கூலியும்

மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே மணல் நாக்காய் நீண்டு கிடக்கிறது கற்பிட்டித் தீபகற்பம். அதிலுள்ள நுரைச்சோலையை நாடறியச் செய்தது 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம். அதன் முதற் பிரிவு 2011இலும் இறுதிப் பிரிவு 2014இலும் இயங்கத் தொடங்கின. அந்தப் புகைபோக்கிக்கு அப்பாலும் ஓர் ஊர் உண்டு. மணலில் கிணறு தோண்டி வெங்காயமும் மிளகாயும் விளைவிப்போர், கடலை நம்பியோர், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்து வேரூன்றிய முஸ்லிம் மக்கள் எனப் பலரும் வாழும் மண் இது. இங்கே சுமை தார் வீதியை அடையுமுன் மணலைக் கடந்தாக வேண்டும். நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் பழைய ஜீப்புகளுக்கு இன்னும் வேலை இருப்பது அதனாலேதான்.

இந்த ஜீப்புகளை உயர்த்திக் கட்டும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. சிலருக்கு அது தேவை. பலருக்கு வெறும் தோரணை. உயர்த்திய சில நாட்களில் வண்டி முனகத் தொடங்குகிறது. அப்போது முதற் பழி யார்மேல் விழுகிறது? உயர்த்தச் சொன்னவர் மேலா? இல்லை, ஓட்டுகிறவன் மேல்!

நாம் நேரிற் கண்ட ஒரு வழக்கைச் சொல்வோம். வாடகைக்கு ஓடும் ஜீப் ஒன்று. அதன் உடைமையாளர் பின் வில்களின் தொங்குபட்டைகளை நீளமானவையாக மாற்றி வண்டியை உயர்த்தினார். அதன்பின் வேகம் கூடும்போதெல்லாம் இருக்கைக்கடியில் ஓர் அதிர்வு. வேகத்தை விட்டுப் பிடித்தால் 'டொக்' என்றொரு அடி. “கிளச்சை விடத் தெரியாதவன் கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்” என்று சொல்லி, சாரதியின் மூன்று நாட் கூலியை அவர் வெட்டிவிட்டார்.

வண்டி கராஜுக்கு வந்தது. அங்கிருந்த மெக்கானிக் பள்ளியை ஏழாம் வகுப்போடு விட்டவர். இளைஞர்கள் அவரை 'நானா' என்பார்கள். அவர் உடனே சாவியைத் தூக்கவில்லை. சாரதியிடம் கேள்விகள் கேட்டார். வளைவில் சத்தம் மாறுகிறதா? மாறினால் சில்லின் பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். அக்சிலேட்டரை மிதிக்கும்போது ஊளை, விடும்போது வேறொரு ஊளையா? அப்படியானால் டிபரன்ஷலின் பற்கள். மெதுவாகப் போகையில் குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்' என்கிறதா? கிரீஸ் வற்றிய ஜொயின்ற். இந்தக் கடற்கரையின் உப்புக் காற்றில் ஜொயின்றின் மூடியோரம் செந்தூள் கசிந்திருந்தால், உள்ளே ஊசிகள் துருவேறிவிட்டன என்று கொள்ளலாம். வைத்தியர் நாடி பிடிப்பதற்கு ஒப்பான விசாரணை இது. நமது பாடசாலைகளில் இதற்குப் புள்ளி இல்லை என்பது வேறு விடயம்.

அடுத்து மணற்பாதைக்குப் போனோம். முன் சில்லுகளுக்குப் போகும் புரொப்பெல்லர் தண்டைக் கழற்றி ஓட்டினார்; அதிர்வு அப்படியே இருந்தது. அதைப் பூட்டிப் பின் தண்டைக் கழற்றி, முன் சில்லுகளின் விசையில் மட்டும் ஓட்டினார், அதிர்வு மறைந்தது. குற்றவாளி பின் தண்டுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக நமக்கு மனமில்லை. பழைய லாண்ட் ரோவர் போன்ற வண்டிகளின் கைப்பிரேக் சில்லுகளிற் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில், அந்தத் தண்டையே பிடித்து நிறுத்துகிறது. தண்டைக் கழற்றினால் கைப்பிரேக் இருந்தும் இல்லாததே. கராஜுகளில் வண்டிக்கடியிற் படுப்பவன் பெரும்பாலும் பதினாறு வயது எடுபிடிப் பையன். நானா நான்கு சில்லுகளுக்கும் மரக்கட்டை வைத்த பிறகே அவனைக் கீழே போக விட்டார். எத்தனை கராஜுகளில் இந்தக் கட்டை இருக்கிறது?

இனிக் காரணம். தண்டின் இருமுனையிலும் உள்ள சிலுவை ஜொயின்றுக்கு ஒரு குணம் உண்டு. சாய்ந்து சுழலும்போது அது சீராகச் சுழற்றுவதில்லை. ஒரு சுற்றுக்கு இருமுறை விரைந்து இருமுறை தளர்கிறது. 10 பாகைச் சாய்வில் இந்த ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு ஒன்றரை. 20 பாகையில் நூற்றுக்கு ஆறு. சாய்வு இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்கு! இரு முனைகளிலும் சாய்வு சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். நீண்ட தொங்குபட்டையோ வில்லைச் சரித்துப் பின் அச்சின் மூக்கை மேலே திருப்பிவிடுகிறது. அந்தச் சமநிலை கெடுகிறது. தண்டும் இழுபட்டு, அதன் வழுக்குப் பற்கள் ஒன்றையொன்று கவ்வும் நீளம் குறைகிறது. அது முற்றாகக் கழன்றால் ஓடும் வண்டியிலிருந்து தண்டு வீதியில் விழும்.

தச்சரின் தூக்குக் குண்டு ஒன்றும் மாணவன் ஒருவனின் கேத்திரகணிதப் பெட்டியிலிருந்து பாகைமானி ஒன்றும் வந்தன. முன்முனையில் 13 பாகை, பின்முனையில் 7. நாம் வகுப்பில் கரும்பலகையோடு மறந்துபோகும் கோசைன், எண்ணெய் படிந்த தரையில் ஒரு மனிதனுக்காகச் சாட்சி சொன்னது.

வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து மூக்கைத் திருப்பலாம். நீளமான தண்டும் செய்யலாம். நானாவின் யோசனை மலிவானது: பழைய தொங்குபட்டையையே பூட்டுங்கள்.

“முதலாளி, பொடியன்ட காலுல குத்தமில்ல. நீங்க வண்டியத் தூக்கினதுலதான் குத்தம்.”

முதலாளி பாகைமானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பட்டைகள் மறுநாள் பூட்டப்பட்டன, அதிர்வு நின்றது. வெட்டிய கூலியில் இரண்டு நாளுக்குரியது சாரதியின் கைக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாளுக்குரியதைப் பற்றி இதுவரை பேச்சில்லை.