பிறந்தநாளுக்கு ஒரு பயணம்

என் இணையரின் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல் வழியாக ஜெகதாப்பட்டினம் கிளம்பினோம். அவருக்குக் கடல் பிடிக்கும், எனக்கு நண்டு.

இரவு தங்க வழியில் ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். ஆதாரை வாங்கிப் பார்த்தவர் முகவரியில் நின்றார்.

"இது அந்தக் காலனியா?"

"ஆமாம்" என்றார் இணையர்.

அறை காலியில்லையாம். அவர் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கின.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் அட்டையில் சொல் போனாலும் "எந்தத் தெரு?" என்று கேட்கும் வாய் இருக்கிறதே! விடுதியில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2). "காலியில்லை" என்ற ஒரு சொல்லில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். சாட்சி ஏது?

1901இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் அம்பேத்கரை மசூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டினார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு எங்கே தங்கலாம் என்று சொல்ல 1936இலிருந்து 'கிரீன் புக்' இருந்தது. நமக்குத் தோழர்களின் போன் நம்பர்தான்.

ஜெகதாப்பட்டினத்துத் தோழி, "நேரா வீட்டுக்கு வாங்கக்கா" என்றாள். ஞாயிறு காலை படகுகள் திரும்பியதும் நண்டு வாங்கிக் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போதே மனு பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு வேண்டாம்பா" என்றார் இணையர்.

திங்கட்கிழமை எழுதினேன். சாவிகளைப் பற்றியும்.