திறன்: உண்டு / இல்லை

சில வருஷங்களுக்கு முன் என் மாணவிகளோடு எப்போதும்வென்றானுக்கு ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். பெண்களின் தொழில்திறனை அளந்து, யாருக்கு என்ன பயிற்சி தரலாம் என்று பார்ப்பது நோக்கம். படிவம் கைபேசிச் செயலியில் இருந்தது. வயது, படிப்பு, தொழில், அப்புறம் 'தொழில்திறன்: உண்டு / இல்லை'. 'உண்டு' என்றால் சான்றிதழ் எண் கேட்கும்.

முதல் வீட்டில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. "எனக்கென்ன தாயி தெரியும்? காட்டு வேலைக்குப் போவேன். அது இல்லாத நாள்ல தீப்பெட்டி ஆபீஸ். வேற ஒண்ணும் தெரியாது." 'இல்லை'யைத் தொட்டேன். அடுத்தடுத்த வீடுகளிலும் அதுவே பதில், அதுவே தொடல்.

பத்தொன்பதாவது பெண் என்னோடு பேசிக்கொண்டே வத்தலில் சண்டு பிரித்துக்கொண்டிருந்தார். கண் என் மேல் இருந்தது. கை மட்டும் வெளுத்ததையும் சொத்தையையும் தள்ளிக்கொண்டே போனது. அவருக்கும் 'இல்லை' போட்டுவிட்டுத்தான் அந்தக் கையைக் கவனித்தேன். அது என் அம்மாவின் கை.

அம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்தவர். மருந்து முக்கிக் காய்ந்த குச்சியை ஒரு பிடி எடுத்தால் பெட்டிக்கு வேண்டியது இருக்கும். எண்ண மாட்டார். உரசிவிடாமல் உள்ளே தள்ள வேண்டும். தப்பினால் கை வெந்துபோகும். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸ் கணக்கில் கூலி. என் முனைவர் பட்ட உதவித்தொகை விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். அதற்குமேல் எழுத எனக்கும் தோன்றவில்லை.

உலக வங்கி 'ஸ்டெப்' என்ற பெயரில் இலங்கை, வியத்நாம், கானா, கென்யா போன்ற நாடுகளில் தொழில்திறனை அளந்திருக்கிறது. வாசிப்புத் தேர்வு, மனப்பாங்கு பற்றிய கேள்விகள், வேலையில் எவ்வளவு நீளமானதைப் படிக்கிறீர்கள், கணினி பயன்படுத்துகிறீர்களா என்ற விசாரிப்பு. பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பாமல் நேரே சோதிப்பது நல்லதுதான். எட்டாம் வகுப்பு முடித்தும் பேருந்தின் பெயர்ப்பலகை வாசிக்கத் திணறுபவர்களை நான் அறிவேன். ஆனால் ஒரு பிடிக்குள் இருக்கும் கணக்கை அந்தக் கேள்விகளால் தொட முடியாது. இங்கே 2013இல் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் வந்தது. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முறையாகப் பயிலாமல் வேலையிலேயே கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் தரவும் வழி உண்டு. இதை அங்கே விளக்கியபோது ஒரு பெண் கேட்டார்: "சர்டிபிகேட் குடுத்தா கூலி கூடுமா டீச்சர்?" மாணவிகள் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் விரும்பும் பெண்களின் விரல் வேகம் பிறவிக் குணம் அல்ல, வீட்டில் அம்மாக்கள் பழக்கியது. அந்தப் பயிற்சி யார் கண்ணிலும் படாததால் அது திறனாக எண்ணப்படுவதில்லை என்பது அவர்கள் வாதம். எங்கள் பக்கத்தில் "பொம்பளப் பிள்ளைக கை வேகம்" என்று புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சிக்குக் கூலியில் ஒரு பைசா ஏறியதில்லை. நான் பார்த்த ஆபீஸ்களில் இயந்திரம் வந்தபோது அதன் முன்னால் ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்கு 'ஆப்பரேட்டர்' என்று பெயரும் வந்தது.

இதையெல்லாம் சொன்னாலும், அம்மாவின் கையைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அவர் அதைக் கற்றது ஒன்பது வயதில். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல், சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். அதற்குள் அவர் கை நன்றாகப் பழகிவிட்டது. திறனை அளக்கிறவர்கள் எந்த வயதில் கற்றீர்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தப் பிடிக் கணக்குக்குப் பதிலாக எழுத்துக் கூட்டத் தெரிந்திருக்கலாமே என்று அம்மாவே சொல்லியிருக்கிறார்.

இருபதாவது வீட்டிலிருந்து 'உண்டு' போடப் பார்த்தேன். எண் இல்லாமல் செயலி நகரவில்லை. மாணவி ஒருத்தியின் நோட்டை வாங்கி, ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், யாரிடம், எந்த வயதில் கற்றார் என்று கையால் எழுதினோம். பருத்தி எடுப்பு. சண்டு பிரிப்பு. கட்டை அடுக்கு. ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பது. சாயங்காலம் கணக்கெடுப்பை நடத்தியவர்களிடம் நோட்டை நீட்டினேன். "இது வேண்டாம் மேடம், அப்லோட் ஆனது போதும்" என்றார்கள். முதல் பத்தொன்பது பேருடையதையாவது திருத்தித் தரலாமா என்று கேட்டேன். அனுப்பியதைத் திருத்த முடியாதாம். நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. அதில் அந்தப் பத்தொன்பது பேர் இல்லை.