ஒருமுறை தெரிவித்த விருப்பம்

மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்கள் அனைவரும் அறிந்த வாசகம் ஒன்று உண்டு. "ஒருமுறை தெரிவித்த விருப்பமே இறுதியானது, பின்னர் மாற்ற இயலாது" என்பதே அது. ஊதிய நிர்ணயமாயினும் சரி, ஓய்வூதியமாயினும் சரி, விருப்பப் படிவத்தின் அடியில் இவ்வாசகம் பெரும்பாலும் தவறாது இடம்பெறும். இருபது ஆண்டுகளாக இத்தகைய படிவங்களைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்த்துப் பழகியதாலோ என்னவோ, அது எங்கள் இல்லத்திலும் எழுதாச் சட்டமாகக் குடியேறிவிட்டது. 2025-ஆம் ஆண்டில் எங்கள் மகள் அச்சட்டத்தை மீறினாள். அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

'நாங்கள்' என்று இக்கட்டுரையில் வருவது ஓர் எழுத்தரையும் அவர்தம் வாழ்க்கைத் துணைவியையும் குறிக்கும். கையெழுத்து ஒருவருடையது, கருத்து இருவருடையது. சேலம் மாவட்டத்து ஆத்தூரிலிருந்து 2005-ஆம் ஆண்டு கைக்குழந்தையுடன் தில்லி வந்து இறங்கியவர்கள் நாங்கள். லோதி காலனியில் அரசுக் குடியிருப்பு ஒன்று கிடைத்தது. எங்களுள் பட்டம் பெற்றவர் பி.ஏ. வரலாறு படித்தவர். அவர் வரலாற்றை விரும்பித் தேர்ந்தவரல்லர். வணிகவியல் கேட்டு வரிசையில் நின்றார். வரிசை நகர்ந்து சன்னலை அடைந்தபோது வரலாற்றில் மட்டுமே இடம் இருந்தது. அவ்வளவுதான். ஆகவே, பாடம் தேரும் உரிமை என்பதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டதில்லை என்றே சொல்ல வேண்டும்.

எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, 2022-ஆம் ஆண்டு தலைநகரை அடுத்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பில் சேர்ந்தாள். வங்கியில் கல்விக் கடன் பெற்றோம். சட்டப் படிப்பின் அமைப்பு நம்மவருள் பலருக்குத் தெரியாதாகையால் அதனைச் சிறிது விளக்குதல் நலம். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, சட்ட மாணவர் கட்டாயத் தாள்கள் 20-உம், செய்முறைத் தாள்கள் 4-உம் பயில வேண்டும். இவையன்றிக் குறைந்தது 6 விருப்பத் தாள்களும் உண்டு. அரசியலமைப்புச் சட்டம், வணிகச் சட்டம், பன்னாட்டு வணிகச் சட்டம், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், வேளாண்மைச் சட்டம், அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் என ஏழு தொகுதிகளிலிருந்து இத்தாள்களைத் தேரலாம். எங்கள் மகளின் கல்லூரியில் ஒரே தொகுதியில் எட்டுத் தாள்கள் எழுதித் தேறினால் பட்டத்துடன் 'ஆனர்ஸ்' என்ற சொல்லும் சேரும்.

மூன்றாம் ஆண்டின் நடுவில், 2025 ஜனவரியில், தொகுதியைத் தேரும் நாள் வந்தது. வீட்டில் ஒரு சிறு மாநாடே கூடியது. சென்னையிலிருந்து தாய்மாமன் தொலைபேசியில் கலந்துகொண்டார். அலுவலகத்துப் பிரிவு அலுவலர் தம் கருத்தை முன்னதாகவே தெரிவித்திருந்தார். வணிகச் சட்டம் படித்தால் பெரிய நிறுவனங்களில் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் கடன் அடையும். கடன் அடைந்தால் திருமணப் பேச்சைத் தொடங்கலாம். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினோம். மகள் ஒன்றும் கூறவில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு படிவத்தை நிரப்பினோம். ஆறாம் பருவத்தில் வங்கிச் சட்டம் என்ற தாளை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றாள். எல்லாம் முறையாக நடப்பதாகவே எண்ணியிருந்தோம்.

கோடை விடுமுறை வந்தது. எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் பாத்திரம் துலக்கி வந்த ஓர் அம்மாள் இருந்தார், விழுப்புரம் பக்கத்தவர். அவர் குடியிருந்தது ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் அமைந்திருந்த மதராஸி கேம்ப் என்னும் குடிசைப் பகுதியில். நம் சங்கத்து அன்பர்கள் அப்பகுதியை நன்கு அறிவார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த அவ்விடம், தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகளில் 189 குடும்பங்களே நகரின் வட கோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என முடிவாயிற்று. 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்குக் குடியிருந்தமைக்குச் சான்று வேண்டும் என்பது தகுதி விதிகளுள் ஒன்று.

அந்த அம்மாளின் பெயர் தகுதிப் பட்டியலில் இல்லை. ஒரு மாலை, துணிப்பையில் தம் காகிதங்கள் அனைத்தையும் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் பரப்பினார். "பாப்பா வக்கீலுக்குத்தானே படிக்குது, கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கக்கா" என்றார். மகள் தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். குறை எங்கே என்பது அரை மணியில் விளங்கிவிட்டது. ஒரு காகிதத்தில் அவர் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து. மற்றொன்றில் பெயருக்குப் பின் கணவர் பெயர். இந்தியில் எழுதிய மூன்றாவதில் ழகரம் லகரமாகியிருந்தது. மூன்றும் ஒருவரே என்று எவர் நம்புவார்? குலப்பெயர் வழக்கமற்ற நம் இனத்தார் வடபுலத்தில் ஒவ்வொரு சன்னலிலும் படும் பாடுதான் இது. எங்களுள் எழுத்தரானவரும் பணியில் சேர்ந்தபோது, முதலெழுத்தின் விரிவை உறுதி செய்து உறுதிமொழிப் பத்திரம் அளிக்க நேர்ந்தது. அவருக்கு அது ஒரு நாள் அலைச்சல். இந்த அம்மாளுக்கோ அதன் விலை ஒரு வீடு.

அவ்விடுமுறை முழுவதும் மகள் இலவசச் சட்ட உதவி மையத்திற்கு நடந்தாள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள் எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதை அப்போதுதான் நாங்கள் அறிந்தோம். அங்கிருந்த வழக்கறிஞருக்கு அந்த அம்மாளின் தமிழை இந்தியில் சொல்வதும், அவர் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்வதும் அவள் பணியாயின.

ஆகஸ்டில் கல்லூரி திறந்தது. முதல் வாரத்தின் இறுதியில், இரவு உணவுக்குப் பின், மகள் ஒரு படிவத்தை எங்கள் முன் வைத்தாள். விருப்பத் தொகுதி மாற்றம் கோரும் படிவம். வணிகச் சட்டத்திலிருந்து அரசியலமைப்புச் சட்டத்திற்கு. வகுப்பு தொடங்கிய பத்து வேலை நாட்களுக்குள் அளிக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்தும் தேவை.

நாங்கள் கையெழுத்திடவில்லை.

அன்பர்களே, எங்கள் மறுப்புக்குக் காரணங்கள் இருந்தன. அலுவலகக் குறிப்பு எழுதுவது போலவே அவற்றை வரிசைப்படுத்தினோம். முதலாவது, ஏற்கெனவே எழுதிய வங்கிச் சட்டத் தாள் புதிய தொகுதியில் கணக்கில் வராது. 'ஆனர்ஸ்' வேண்டுமாயின் ஒரு தாள் மிகுதியாக எழுத வேண்டும். இரண்டாவது, கல்விக் கடன். மூன்றாவது, இரக்கம் வேறு, படிப்பு வேறு. ஒரு கோடையில் தோன்றிய உணர்ச்சிக்காக ஐந்தாண்டுத் திட்டத்தைக் கலைப்பது முறையன்று. நான்காவதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருமுறை தெரிவித்த விருப்பம் இறுதியானது என்ற எங்கள் சட்டம்தான் அது.

மகள் வாதிடவில்லை. "அப்பா, வங்கிச் சட்டமோ காப்பீட்டுச் சட்டமோ தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அதைத் தேர்ந்தது நான் அல்ல என்று மட்டும்தான் சொல்கிறேன். கையெழுத்து நாளைக்குப் போடலாம். இன்றைக்கு இதைப் படியுங்கள், போதும். அம்மாவுக்கும் படித்துச் சொல்லுங்கள்" என்று சில நகல் தாள்களை வைத்துவிட்டுப் படுக்கச் சென்றாள்.

அவை ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு 1985 ஜூலை 10 அன்று வழங்கிய தீர்ப்பின் பக்கங்கள். பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றியது பற்றிய வழக்கு அது. வாழ்வாதார உரிமையும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. ஆயினும் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது வழங்கிவிடவில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் கழிந்தபின் அகற்றலாம் என்றே முடித்தது.

தீர்ப்பைக் காட்டிலும் எங்களை நிறுத்தியது அதில் இருந்த ஒரு பத்திதான். மகள் அதனருகில் பென்சிலால் கோடிட்டிருந்தாள். மனுதாரர்களுள் ஒருவர் சேலத்திலிருந்து 1961-ஆம் ஆண்டு வேலை தேடிப் பம்பாய் சென்றவர். ஊரில் நிலமற்ற உழைப்பாளி, வறட்சியால் வேலையிழந்தவர். ஒரு நிறுவனத்தில் 23 ரூபாய் நாட்கூலி. நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கொண்டு அமைந்த ஒரு மறைப்புக்காகக் குடிசைப் பகுதித் தாதா ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். அதில் அவர் மனைவியுடனும் மூன்று பெண்மக்களுடனும் வாழ்ந்தார்.

உரக்கப் படித்துக்கொண்டிருந்த குரல் 'சேலம்' என்ற சொல்லில் தடைப்பட்டது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை. அவரும் பிழைப்புக்காக ஊர் விட்டவர், நாங்களும் அவ்வாறே. அவர் இரயிலேறியபோது கையில் ஒன்றும் இல்லை. எங்கள் கையில் ஒரு நியமன ஆணை இருந்தது. பின்னர்க் குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணையும் வந்தது. இந்த இரு தாள்கள் இல்லாதிருப்பின் எங்கள் மகளும் எந்தக் கரையில் வளர்ந்திருப்பாளோ! இக்குடியிருப்பும் எங்கள் சொத்தன்று. ஓய்வு பெற்றபின் நாங்களும் காலி செய்து தர வேண்டியவர்களே.

"அவ கேட்கிறது ஒண்ணும் தப்பில்லைங்க" என்று வாழ்க்கைத் துணைவியார் கூறியபோது மணி பதினொன்றைக் கடந்திருந்தது.

மறுநாள் காலை கையெழுத்திட்டோம். காரணம் எழுதவேண்டிய இடத்திற்கு எழுத்தரானவர் ஒன்றரைப் பக்க வரைவு ஒன்றைத் தயாரித்தார். முன்னுரை, மேற்கோள், பணிவன்பு யாவும் அதில் இருந்தன. மகள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, தானே இரண்டு வரி எழுதினாள்: "முதலில் தேர்ந்தபோது இப்பாடத்தின் தேவையை நான் நேரில் கண்டிருக்கவில்லை. விடுமுறையில் கண்டேன்." இருபது ஆண்டு வரைவுப் பயிற்சி அவ்விரண்டு வரிகளின் முன் தோற்றதைக் குறையாகக் கருதவில்லை.

கல்லூரி அலுவலகம் படிவத்தை இருமுறை திருப்பியது. முதல்முறை துறைத்தலைவர் கையெழுத்து இல்லை. இரண்டாம் முறை பழைய தொகுதி ஆசிரியரின் தடையின்மைச் சான்று இல்லை. பத்தாம் நாள் பிற்பகல்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

மாற்றத்திற்கு விலை இருந்தது. பத்து நாள் வகுப்புகள் போயின. முதல் உள்தேர்வில் மனித உரிமைச் சட்டத் தாளில் மதிப்பெண் குறைந்தது. பெரிய நிறுவனம் ஒன்றில் பேசி வைத்திருந்த குளிர்காலப் பயிற்சி கைவிட்டுப் போயிற்று. 'ஆனர்ஸ்' பெற ஒன்பதாம் பருவத்தில் ஒரு தாள் கூடுதலாக எழுத முடிவு செய்திருக்கிறாள். கடன் அப்படியே நிற்கிறது. எங்கள் முதல் மூன்று காரணங்களும் தவறானவை என்று இன்றும் சொல்ல மாட்டோம். அவற்றை அவளும் அறிந்தே தேர்ந்தாள் என்பதே சென்ற ஜனவரிக்கும் இந்த ஆகஸ்டுக்கும் உள்ள வேறுபாடு.

அந்த அம்மாளுக்காக, மூன்று காகிதங்களிலும் உள்ளவர் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்துடன் மேல்மனு அளிக்கப்பட்டது. அதன் வரைவை மகளே எழுதினாள்; வழக்கறிஞர் இரண்டு இடங்களில்தான் திருத்தினார். முடிவு இன்னும் வரவில்லை. உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் அவர், இப்போது இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருகிறார்.

இனி எங்கள் படிவத்தின் கதை. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பதை அறிவீர்கள். அவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. புதியதா, இருப்பதே போதுமா என்று விருப்பம் தெரிவிக்கச் சொன்னார்கள். கெடு முதலில் ஜூன் 30. பின் செப்டம்பர் 30. அதன்பின் நவம்பர் 30. மூன்று கெடுக்களும் எங்கள் மேசையிழுப்பறையில் உறங்கின. மாற்ற முடியாத ஒன்றில் கையெழுத்திட அச்சம்.

நவம்பர் கடைசி வாரத்தில் மகள் அப்படிவத்தையும் சுற்றறிக்கைகளையும் எடுத்து, அந்த அம்மாளின் காகிதங்களைப் படித்தது போலவே, தரையில் அமர்ந்து படித்தாள். 25 ஆண்டு பணி முடித்தோர்க்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி என்ற விதியை அம்மாவுக்கு விளக்கினாள். பின்னர் ஆகஸ்டில் வந்த தாள் ஒன்றைத் தனியே எடுத்து நீட்டினாள். புதிய திட்டத்தைத் தேர்ந்தோர், ஓய்வுக்கு ஓராண்டு முன்வரை, ஒரே ஒரு முறை பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று அரசே அதில் இடம் தந்திருந்தது.

"பார்த்தீர்களா அப்பா, உங்கள் சர்க்காரே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது" என்றாள்.

எழுத்தரானவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, அவ்வரியை மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.